கதவு மூடியும் அணையாத சிவப்பு விளக்கு: காரின் டோர் சுவிட்சை நீங்களே சோதிக்கும் முறை

எல்லாக் கதவுகளையும் நன்றாக அடைத்த பிறகும், மீட்டரில் கதவு திறந்திருப்பதைக் குறிக்கும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால், குறை பெரும்பாலும் டோர் சுவிட்சிலோ அதற்குச் செல்லும் ஒயரிலோ இருக்கும். இந்தச் சுவிட்சைச் சென்சார் என்றும் சொல்வதைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஃபிரிட்ஜைத் திறந்ததும் உள்ளே விளக்கை எரியவைக்கும் சுவிட்சுக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

காரின் உலோக பாடி முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்திருப்பதால், மெக்கானிக்குகள் அதை எர்த் என்பார்கள். பழைய கார்களில், கதவு வந்து மூடும் பில்லரில் (கதவை ஒட்டிய உலோகத் தூணில்), ரப்பர் தொப்பி போட்ட சிறிய பின் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அந்தப் பின்னை வெளியே தள்ள, சுவிட்சுக்கு வரும் ஒற்றை ஒயர் எர்த்தோடு சேர்ந்து, மீட்டரின் சிவப்பு விளக்கைப் போலவே ரூம் லைட்டும் எரிகிறது. கதவை மூடினால் அதன் விளிம்பு பின்னை அழுத்தித் தொடர்பைப் பிரித்துவிடுகிறது. திறந்தால் சேரும், மூடினால் பிரியும் என்ற இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிக் குறைகளைக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ரூம் லைட்டின் சுவிட்சை, கதவு திறந்தால் மட்டும் எரியும் நிலையில் வையுங்கள். பல வண்டிகளில் அது நடு நிலையாக இருக்கும். அதை எப்போதும் எரியும் நிலையில் விட்டுவிட்டு, சென்சார் கெட்டுவிட்டதென்று அரை நாள் தேடியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து, மற்றக் கதவுகளை மூடிவைத்து ஒரு கதவை மட்டும் திறந்து, அதன் பின்னை விரலால் ஆழமாக அழுத்துங்கள். விளக்கு அணைந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. தொப்பி தேய்ந்ததாலோ கதவு சற்று இறங்கியதாலோ பின் போதுமான அளவு அழுந்தவில்லை என்று பொருள். அணையாவிட்டால் இதே சோதனையை ஒவ்வொரு கதவிலும் செய்யுங்கள். எதிலும் அணையவில்லை என்றால், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் திருகு கழற்றி வெளியே இழுத்து ஒயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்ததும் அந்த ஒயர் பில்லருக்குள் வழுக்கிப் போய்விடும் என்பதால், இழுக்கும்போதே அதில் ஒரு துணி கிளிப்பை மாட்டிவிடுங்கள். ஒயரைப் பிரித்ததும் விளக்கு அணைந்தால் அந்தச் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்த பிறகும் எரிந்தால், ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

கழற்றிய சுவிட்சைச் சோதிக்க, மல்ட்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியை மின்தடை காட்டும் ஓம் நிலையில் வைத்து, அதன் ஒரு முனையை ஒயர் மாட்டும் தகட்டிலும் மற்றொன்றைத் திருகு போடும் உலோகப் பகுதியிலும் தொடுங்கள். பின்னை விட்டால் ஏறக்குறைய பூஜ்யமும், அழுத்தினால் தொடர்பே இல்லை என்பதும் காட்ட வேண்டும். பின்னை விட்ட நிலையில் நூற்றுக்கணக்கான ஓம் காட்டினால் உள்ளே துரு ஏறியிருக்கிறது. சுவிட்ச் சரியாக இருந்தும் கதவைத் திறக்கும்போது விளக்கு எரியாத வண்டிகளில் திருகைப் பாருங்கள். எர்த் அதன் வழியாகவே கிடைப்பதால், அங்கே துருவோ பெயின்டோ இருந்தால் சுவிட்ச் வேலை செய்யாது. நைஸான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் போதும்.

எரிந்துகொண்டே இருக்கும் ரூம் லைட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுப்பதால், ஒரு நாளில் பேட்டரியில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தில் 10 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இதை இரண்டு மூன்று நாள் தாங்கினாலே பெரிது.

புதிய கார்களில் பில்லரில் பின் இருக்காது. கதவின் லாக்குக்குள்ளேயே சிறிய சுவிட்ச் அமைந்திருக்கும். பில்லரிலுள்ள வளையத்தைக் கவ்வும் கொக்கி சுழலும்போது அந்தச் சுவிட்ச் நிலை மாற, தகவல் கட்டுப்பாட்டு யூனிட்டுக்குப் போகிறது. இவற்றில் சேர்வதும் பிரிவதும் வண்டிக்கு வண்டி தலைகீழாகவும் இருக்கலாம். சோதிக்க, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, ஸ்குரூடிரைவரால் கொக்கியை மூடும் திசையில் தள்ளுங்கள். இரண்டு முறை 'டிக்' என்று கேட்கும். முதலாவது அரைகுறையாக மூடிய நிலை, இரண்டாவது முழுதாக மூடிய நிலை. இரண்டாவது சத்தத்துக்குப் பிறகு விளக்கு அணைய வேண்டும். அணைந்தால் லாக் நலம், பில்லர் வளையத்தின் பொருத்தம்தான் சரியில்லை. கதவை மூடும் முன் கைப்பிடியை இழுத்துக் கொக்கியைக் கட்டாயம் விடுவித்துவிடுங்கள்; மறந்து அடித்து மூடினால் மூடிய கொக்கி வளையத்தில் மோதி லாக்கே கெட்டுவிடும்.

அணையாவிட்டால், லாக்கைப் புதிதாக வாங்கும் முன், கதவுக்கும் பில்லருக்கும் நடுவில் மடிந்து விரியும் ரப்பர் குழாயைத் தளர்த்தி, உள்ளே ஒயர்களை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் வளைவதால், மேலுறை முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். அறுந்த ஒயர் ரப்பர்போல நீளும். சென்ட்ரல் லாக் மோட்டாரின் ஒயர்களும் அதே குழாயில் செல்வதால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே அங்கே கை வையுங்கள்.