அலர்ஜி ஊசி: கை தடித்ததையெல்லாம் குப்பியில் ஊற்றாதீர்கள்

அலர்ஜி ஊசி என்பது, ஒவ்வாமை தரும் பொருளின் சாற்றையே சிறுகச் சிறுக ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சை. மகரந்த ஒவ்வாமைக்கு வேறு இடத்தில் இந்த ஊசியைத் தொடங்கி, பலன் தெரியாமல் பாதி வழியில் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களின் சிகிச்சைச் சீட்டுகளில், எங்கள் தலைமுறை மருத்துவர்கள் செய்து திருத்திக்கொண்ட அதே தவறுகள் இருக்கின்றன. மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்துவிடுவது, போட்ட அளவைக் குறிக்க மறப்பது போன்றவற்றை அனுபவமே சொல்லிக்கொடுத்துவிடும். மற்றவற்றை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கலப்பது

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். சீமைக்கருவேலம் பூக்கும் காலத்தில் மட்டும் விடாத தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. மற்ற மாதங்களில் மாத்திரையே தேவையில்லை. தெர்மாகோல் பெட்டியைத் திறந்து தன் குப்பியை மேசையில் வைத்தார். லேபிளில் இடமே இல்லாமல் நுணுக்கி எழுதியிருந்தார்கள்: சீமைக்கருவேலம், பார்த்தீனியம், முள்ளுக்கீரை, அறுகம்புல், வீட்டுத் தூசிப் பூச்சி, இரண்டு வகைப் பூஞ்சை, கரப்பான். ஒவ்வொரு சாற்றையும் கைத்தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனையில் எது எதற்குத் தடித்ததோ, அத்தனையும் உள்ளே. "இந்த ஊசி என் உடம்புக்குக் கேட்காது போலிருக்கிறது, டாக்டர்" என்றார்.

அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் திமோத்திப் புல்லின் மகரந்தச் சாற்றை அளந்து ஏற்றிய காலத்திலிருந்தே இந்தச் சிகிச்சைக்கு உயிர்நாடி அளவுதான். போதிய அளவு உள்ளே போனால்தான் ஐஜிஜி4 போன்ற தடுப்புப் புரதங்கள் பெருகி, ஒவ்வாமையைத் தூண்டிவிடும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை மகரந்தம் சென்றடையும் முன் மறிக்கும். எட்டுப் பொருளைக் கலந்தால் தேவையான ஒன்று எட்டில் ஒரு பங்காக நீர்த்துப்போகிறது. அதைவிட மோசம், பூஞ்சை, கரப்பான் சாறுகளில் புரதத்தை வெட்டும் நொதிகள் நிறைய உண்டு. குளிர்பெட்டிக்குள் இருக்கும்போதே அவை மகரந்தப் புரதத்தைச் சிதைக்கத் தொடங்கிவிடும். பல சாறுகளைக் கலந்து போடும் அமெரிக்க மருத்துவர்கள்கூட, ஒவ்வொன்றும் முழு அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; பூஞ்சையை மகரந்தத்தோடு சேர்க்க மாட்டார்கள்.

சரி, கை ஏன் இத்தனைக்கும் தடித்தது? புரோஃபிலின் என்ற புரதம் ஏறக்குறைய எல்லா மகரந்தத்திலும் இருக்கிறது, சீமைக்கருவேலத்திலும்தான். அதற்கு ஐஜிஇ உருவானவருக்குத் தொடர்பே இல்லாத செடிகளும் தடிப்பைக் காட்டும். தடிப்பு என்றால் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். நோய் எதனால் என்பதை நோயாளியின் வாயால்தான் கேட்க வேண்டும்: எந்த மாதம், எந்த ஊரில், அப்போது அங்கே எது பூத்திருக்கிறது, வீட்டுக்குள் வந்தால் குறைகிறதா. கால் மணி நேரம் கேட்டிருந்தால் அந்தக் குப்பியில் ஒரே ஒரு பெயர்தான் இருந்திருக்கும். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்ததற்கு விலையாக ஒரு பெண்மணியின் இரண்டு ஆண்டுகளும் சேமிப்பும் போயின, ஒரு நல்ல சிகிச்சைமேல் இருந்த நம்பிக்கையும் போனது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது தொடங்குவது

கூடவே கூடாது.

ஊசி போட்டதும் அனுப்பிவிடுவது

அரை மணி நேரம் கண்ணெதிரே உட்கார வையுங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் உயிர்காக்கும் மருந்தான அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பூட்டிய அலமாரியில் வேண்டாம்.

இடையில் விட்டுப்போன பின் பழைய அளவையே போடுவது

குறைத்துத் தொடங்குங்கள்.

இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்துவது

முதல் பருவத்திலேயே தும்மல் குறைந்துவிட்டால் நோயாளி நிறுத்திவிட நினைப்பார். மருத்துவரும் தலையாட்டிவிடுகிறார். புல் மகரந்தத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளும் பலன் நீடித்ததை 1999இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. இரண்டே ஆண்டுகளில் நிறுத்திய 2017ஆம் ஆண்டு ஆய்விலோ, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே முதல் சந்திப்பிலேயே மூன்று ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். மொத்தச் செலவையும் எழுதிக் கொடுங்கள். அவ்வளவு காலம் வர இயலாதவர் என்றால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதே அவருக்கு நல்லது.