வேலை மாறி வேறு நாடு போனதும் ஓடிபி எண் ஏற்கவில்லை: என் அனுபவம்

முதல் வேலையை விட்டுவிட்டு வேறு நாட்டில் அடுத்த வேலைக்குச் சேர்ந்ததும், பழைய சம்பளச் சீட்டுகள் இருந்த மின்னஞ்சலுக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல் சரி. உள்நுழைவு எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி தந்த ஆறு இலக்க ஓடிபிதான் தவறென்று வந்தது.

கடவுச்சொல்லை மாற்றியும் பலனில்லை. எஸ்எம்எஸ் கேட்டால், அது முடங்கிப்போன பழைய சிம்முக்குப் போனது. செயலியை நீக்கி மறுபடி நிறுவ மட்டும் முயலாதீர்கள். பேக்கப் இல்லையென்றால் உள்ளே ஒவ்வொரு கணக்குக்கும் எண்ணை உருவாக்க வைத்திருக்கும் ரகசியச் சாவிகள் அத்தனையும் போய்விடும்.

அந்தச் செயலியிலிருந்த எல்லாக் கணக்குகளும் ஒரே நேரத்தில் மறுத்ததுதான் துப்பு. போனில் தெரிந்த மணி உள்ளூர் மணிதான். ஆனால் நேர மண்டலம் பழைய நாட்டுடையது. சிம் இல்லாத போன் என்பதால் மணி மட்டும் கையால் திருத்தப்பட்டிருந்தது. இந்தச் செயலியின் ஓடிபி உள்ளூர் மணியைப் பார்ப்பதே இல்லை. 1970 ஜனவரி 1 முதல் யுடிசி (உலகம் முழுக்க ஒன்றான பொது நேரம்) கணக்கில் ஓடிய நொடிகளை 30 ஆல் வகுத்து வரும் முழு எண்ணும் ரகசியச் சாவியும் சேர்ந்துதான் அது பிறக்கிறது. மண்டலத்தை விட்டுவிட்டு மணியை நகர்த்தினால் போனின் யுடிசியே மணிக்கணக்கில் பிசகிவிடும்.

வைஃபையில் இணைத்து, அமைப்புகளில் தானியங்கி நேரத்தை இயக்கி, மண்டலத்தைக் கையால் தேர்ந்தெடுத்தேன். அடுத்து வந்த எண்ணே ஏற்கப்பட்டது. அப்பாடா! நுழைந்த கையோடு புது போன் நம்பரைப் பதிந்து, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிக்கொண்டேன்.