குல்மார்க் பனிச்சறுக்கு: காவிரி டெல்டாவிலிருந்து கிளம்புமுன்

பனிச்சறுக்கு பழக ஆசைப்பட்டு நம் பக்கத்திலிருந்து காஷ்மீர் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, குல்மார்க்குக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குவது. ஸ்ரீநகர், பஹல்காம், சோன்மார்க் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டும் பேக்கேஜில், குல்மார்க் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராகிவிடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் பனி விழுந்துவிட்டால் வாடகைக் கார் மலையடிவாரத்து ஊரான தங்மார்க்கோடு நின்றுவிடும். அங்கிருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். மேலே போய், கால் அளவுக்கு பூட்ஸ் பார்த்து மாட்டி முடிக்கவே மதியமாகிவிடும். முதல் நாள் விழுந்து எழுவதிலேயே கழியும். நினைத்த இடத்தில் நிற்கவும் திரும்பவும் கால் பழக இன்னும் ஓரிரு நாள் வேண்டும். அதனால் குல்மார்க்கிலேயே நான்கு இரவாவது தங்குங்கள். பஹல்காமை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

பொங்கல் லீவை நம்பி டிக்கெட் போடுவதும் சரிவராது. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் சரிவுகள் பனியின்றிக் காய்ந்து கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி கொட்டியது. சம்பா அறுப்பு முடிந்து மாசியில் போவது நமக்கும் தோது, பனிக்கும் தோது.

உயரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் எனக்குக் கவலை. நாம் கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியில் வாழ்கிறவர்கள். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். ஊட்டியைவிட நானூறு மீட்டர் அதிகம். கோண்டோலா எனும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடும். போன அன்றே அங்கே ஏறினால் தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு வரலாம். இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும். மேல் சரிவுகள் புதியவர்களுக்கானவையும் அல்ல. 2023 பிப்ரவரியில் அபர்வட்டில் பனிச்சரிவு வந்து போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் இறந்தார்கள். பழகுகிறவர்களுக்குக் கீழே உள்ள மென்சரிவும் ஒரு பயிற்சியாளரும் போதும். கோண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள். பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதற்கும் ஒரு நாள் கையில் இருக்கட்டும்.

உடுப்பில் ஒரே விதி: உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் ஏறும். ஜீன்ஸும் அப்படியே. தண்ணீர் புகாத கையுறை, கறுப்புக் கண்ணாடி அவசியம்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்க வேண்டும். திருச்சி–டெல்லி, டெல்லி–ஸ்ரீநகர் விமானங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யாதீர்கள். பனியால் ஸ்ரீநகர் விமானம் ரத்தானால், அடுத்த விமானத்தின் காசும் போய்விடும். 2025 ஜூனிலிருந்து ஜம்மு பக்கத்துக் கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. விமானம் கைவிட்டால் கீழே இறங்க அதுவும் ஒரு வழி. அதன் நேரத்தைக் கிளம்புமுன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.