பாலிசித் தொகையை வைத்துச் சிட்டிங் எண்ணாதீர்கள்

மதுரையில் புதிதாக கவுன்சிலிங் அறை திறந்திருக்கும் தம்பி, தங்கைகள் அடிக்கடி போன் செய்கிறார்கள். பாதிப் பேச்சு, சிட்டிங்குக்கு, அதாவது ஒருமுறை வந்து உட்கார்ந்து பேசும் சிகிச்சைக்கு, வரும் காப்பீட்டைப் பற்றித்தான். நாங்கள் அந்தக் காலத்தில் பண்ணிய அதே கோளாறுகளை இவர்களும் பண்ணுகிறார்கள். ரசீதில் தேதி போடுவது போன்றவற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றதைச் சொல்கிறேன்.

சட்டம் இருக்கிறதே என்று நம்புவது

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. சரி. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம் வரும். வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகிற சிகிச்சை ஓ.பி., அதாவது அட்மிட் ஆகாத வெளிநோயாளி, கணக்கு. ஓ.பி. வசதி தனியாக இருந்தால்தான் உண்டு. இருந்தாலும் பெரும்பாலும் சிறு தொகைதான்.

கிளைமுக்காக அட்மிட் ஆகச் சொல்வது

கூடவே கூடாது.

"ஏப்ரல் வரட்டும்"

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். திருமங்கலம் பக்கத்து ஆள் ஒருவர், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஓயாமல் கை கழுவ வைக்கும் ஓ.சி.டி. என்ற மனநோய். கம்பெனி பாலிசியில் ஓ.பி. வசதி இருந்தது. மாட்டுத்தாவணியில் பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு, கழுவாமல் பொறுத்திருக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இந்தப் பயிற்சியில் பதற்றம் முதலில் ஏறும். திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் இறங்கும். ஏறிய நேரத்தில் ஜனவரியில் தொகை தீர்ந்துவிட்டது. "ஏப்ரல்ல பாலிசி புதுப்பிச்சதும் வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். ஏப்ரலில் என்னிடம் வந்தபோது அண்ணன் பஸ் ஏறுவதையே விட்டிருந்தார். வீட்டில் குழாயைத் திறப்பதுகூட மனைவிதான். விலகி ஓடினால் நிம்மதி என்று மனது பழகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி செலவு. முன்பு கட்டியதெல்லாம் வீண்.

முதல் நாளே கேளுங்கள்: பாலிசி எவ்வளவு தரும், கையிலிருந்து மாதம் எவ்வளவு முடியும்? இந்த வகைச் சிகிச்சைக்குப் பொதுவாக 12 முதல் 20 சிட்டிங் ஆகும். காப்பீடு ஆறுக்குத்தான் வரும் என்றால், வாரந்தோறும் பார்க்கவேண்டிய முதல் கட்டத்துக்கு அதைச் செலவழியுங்கள். ஆள் தேறியபின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்று தள்ளிவைக்கலாம். குறைப்பதென்றால் கடைசியில் குறையுங்கள், நடுவில் அறுக்காதீர்கள். அதற்கும் முடியாதவர்களை அரசு இராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இடைவெளியில் அவசரம் என்றால் 14416 டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஆனால் அது நடந்துகொண்டிருந்த சிகிச்சைக்கு ஈடாகாது. பணப்பேச்சு எடுக்கக் கூச்சம் என்கிறார்கள். பாதியில் அனுப்பும்போது மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போகிறதோ!

மாத்திரை சாப்பிடுவதை மறைத்துப் பாலிசி எடுப்பது

ஏஜென்ட் சொன்னாலும் வேண்டாம். சொல்லி எடுத்தால் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் வராத காலம், அதிகபட்சம் 36 மாதம். மறைத்தது தெரிந்தால் கிளைமே போய்விடலாம்.

டாக்டர் சீட்டு இல்லாமல் தொடங்குவது

ஓ.பி. கிளைமுக்கு அதைக் கேட்பதுண்டு. முன்னாடியே வாங்கிவிடுங்கள்.

சிட்டிங் குறிப்புகளைக் கிளைமோடு இணைப்பது

நோயின் பெயர், வந்த தேதி, கட்டணம் எழுதிக் கொடுங்கள். இன்னும் கேட்டால் என்ன தேவை என்று எழுத்தில் கேளுங்கள். ரகசியம் காக்கும் உரிமை அந்த 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. மாமியாரைப் பற்றி ஒரு பெண் சிட்டிங்கில் அழுதது காப்பீட்டு அலுவலகத்துக்கு எதற்கு?