நாக் சென்சார் மாற்றும் முன்

செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0325 அல்லது பி0327 என்ற பிழைக் குறியீடு வந்ததும் புது நாக் சென்சார் (என்ஜினுக்குள் எரிபொருள் தாறுமாறாக எரிந்து தட்டும் அதிர்வை உணரும் கருவி) வாங்க ஓடாதீர்கள். அந்தக் குறியீடு சொல்வது சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். கனெக்டரில் எண்ணெயோ பச்சைத் துருவோ இருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எலிக்கு என்ஜின் சூடு ரொம்பப் பிடிக்கும்.

மாற்றியே ஆக வேண்டுமா? சரி, என்ஜின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். இந்த வேலையில் போல்ட்டை இறுக்கும் அளவுதான் முக்கியம். சென்சாருக்குள் இருக்கும் பீசோ செராமிக், என்ஜின் பிளாக்கின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுகிறது. தளர்வாக இருந்தால் அதிர்வு சரியாக வந்து சேராது. அளவுக்கு மீறி இறுக்கினால் சிக்னல் மாறும், செராமிக்கே விரிசல் விடலாம். நடுவில் துளையுள்ள வட்ட வகைக்குப் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர். ஆனாலும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். சென்சார் உட்காரும் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். கூடுதலாக வாஷர், சீலன்ட் எதுவும் வேண்டாம். கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள்.

சில வி6 என்ஜின்களில் இந்தச் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) அடியில் இருக்கும். அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் சேர்த்தே வாங்கிக் கொடுங்கள்.