பழைய குறும்படத்தில் யாருக்கு என்ன இடம்? அலசிப் பார்ப்பது எப்படி

ஒரு படத்தில் பன்முகத்தன்மை இருக்கிறதா என்று கேட்டால் பலரும் தலைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணுவது தேவைதான். ஆனால் அது சின்ன வேலை, விஷயம் அதற்கு அப்புறம்தான். பயிற்சிக்கு ஜார்ஜ் மெலியேஸ் 1902-ல் பிரான்சில் எடுத்த ‘நிலவுக்கு ஒரு பயணம்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கால் மணி நேரம்தான் ஓடும். மௌனப்படம்.

1. முழுப் பிரதியைத் தேடுங்கள். சில பிரதிகளில் கடைசிக் கொண்டாட்டக் காட்சி இருக்காது. அது இல்லாமல் இந்தப் படத்தை அலசவே வேண்டாம், முக்கியமான சாட்சி அங்கேதான் இருக்கிறது.

2. முதல்முறை சும்மா பாருங்கள். பேனாவைத் தொடாதீர்கள்.

3. இப்போது எண்ணுங்கள். நிலவுக்குக் கிளம்பும் ஆறு வானியலாளர்களும் ஆண்கள். பெண்கள் வராமல் இல்லை: மாலுமி உடுப்பில் வரிசையாக வந்து விண்கலத்தைப் பீரங்கிக்குள் தள்ளுகிறார்கள், நட்சத்திரங்களாக முகம் காட்டுகிறார்கள், ஒருத்தி பிறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். நிலவுவாசிகளான செலனைட்டுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே சிலர் பெக்டெல் சோதனையை நீட்டுவார்கள். இரண்டு பெண்கள் ஓர் ஆணைப் பற்றியல்லாமல் வேறு ஏதாவது பேசிக்கொள்கிறார்களா என்று பார்க்கும் அந்தச் சோதனை, அலிசன் பெக்டெல் 1985-ல் வரைந்த சித்திரக்கதையில் வந்தது. யாருமே பேசாத படத்தில் அதை வைத்து என்ன செய்வது? விட்டுவிடுங்கள்.

4. வினைச்சொற்களை எழுதுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: ‘செய்தது’, ‘செய்யப்பட்டது’. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாக நிரப்புங்கள். வானியலாளர்கள் திட்டமிடுகிறார்கள், வாதிடுகிறார்கள், பறக்கிறார்கள், அடிக்கிறார்கள். பெண்கள் தள்ளுகிறார்கள், தொப்பியை அசைக்கிறார்கள், அவ்வளவுதான். நிலவின் குகையில் துள்ளிக் குதித்தபடி வரும் முதல் செலனைட் குடையடி பட்டுப் புகையாக வெடிக்கிறது. அதன் அரசனையும் அப்படியே தூக்கித் தரையில் போடுகிறார்கள். கலத்தைத் தொற்றிக்கொண்டு பூமிக்கு வந்துவிடும் ஒன்று, கடைசியில் ஊர் பார்க்கக் காட்சிப்பொருளாக்கப்பட்டு ஆடவைக்கப்படுகிறது. செலனைட்டுகளும் துரத்துகின்றன, சிறைபிடிக்கின்றன, அதையும் எழுதவேண்டும். ஆனால் இரண்டாவது பத்தி யாருக்கு நீள்கிறது என்று பாருங்கள்.

5. காலத்தைப் பக்கத்தில் வையுங்கள். பிரான்சு அப்போது காலனிப் பேரரசு. பிற கண்டத்து மக்களையே கூட்டிவந்து நிறுத்தி வேடிக்கை காட்டும் கண்காட்சிகள் பாரிஸில் 1877 முதலே நடந்துகொண்டிருந்தன. கட்டி இழுத்து ஆடவைக்கப்படும் அந்த செலனைட்டை அன்றைய பார்வையாளர்கள் எங்கிருந்து அடையாளம் கண்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

6. எதிர்வாதத்தையும் கேளுங்கள். வானியலாளர்கள் மந்திரவாதித் தொப்பி போட்ட கோமாளிகளாக வருகிறார்கள். அதனால் இது நாடு பிடிக்கும் பெருமையைக் கேலி செய்யும் படம் என்று வாசிப்பவர்களும் உண்டு. எனக்கும் அந்த வாசிப்பில் பாதி உடன்பாடு. ஆனால் கேலிக்கு ஆளாவது அவர்கள், அடி வாங்குவது செலனைட்.

7. திரைக்குப் பின்னால் யாருக்கு என்ன இடம் என்றும் பாருங்கள். மெலியேஸின் பல படங்களுக்கு ஒவ்வொரு பிரேமாகக் கையால் வண்ணம் தீட்டியவர்கள் எலிசபெத் தூலியே நடத்திய பட்டறையின் பெண்கள்.

8. எழுதுங்கள். ‘படம் பிற்போக்கானது’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘குகைக் காட்சியில் முதல் அடி மனிதனுடையது’ என்பதுபோல, வாசிப்பவர் படத்தை ஓடவிட்டுச் சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களாக எழுதுங்கள்.