வாயில் வந்துகொண்டே இருந்த கெட்ட வார்த்தை நின்ற விதம்

ஒருவழியாக நின்றது, பெரிய நிம்மதி. ஜெபித்துவிட்டு எழுந்த கையோடு ஏதாவது தவறி விழுந்தால்கூட கெட்ட வார்த்தை வந்துவிடும். துதியும் சாபமும் ஒரே வாயிலிருந்து வருவதைச் சொல்லும் பைபிள் வசனம் யாக்கோபு 3:10 குத்திக்கொண்டே இருந்தது.

பாதி வார்த்தையோடு நிறுத்திப் பார்த்தேன்; மீதி மனதில் ஓடியது. அப்புறம் மென்மையான மாற்றுச் சொல். எரிச்சல் ஏறினால் பழையதே வந்தது.

கவனித்தபோதுதான் பிடிபட்டது: தனியாக, அவசரத்தில் இருக்கும்போதுதான் அதிகம் வருகிறது. எபேசியர் 4:29-ல் ‘கெட்ட வார்த்தை புறப்படவேண்டாம்’ என்பதோடு நின்றுவிடுகிறோம். நல்ல வார்த்தையைப் பேசுங்கள் என்று அதே வசனம் தொடர்கிறது. அந்த மறுபாதிதான் எனக்கு வழி காட்டியது.

தனிமையில் எரிச்சல் வரும்போதெல்லாம் சங்கீதம் 141:3-ஐ, ‘கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்’ என்று சொன்னேன். மனதுக்குள் சொன்னால் பலிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்போது விரலில் அடிபட்டாலும் அதுதான் முதலில் வருகிறது.